ரீடின் மேல் பழி, பையில் ஓட்டை: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பைப் பேண்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

புகார் சின்னதாகத்தான் வந்தது. பேண்டில் ஆறு பைப்பர்கள். அதில் இளையவரின் பேக்பைப் மட்டும் பாட்டு நடுவில் கீச்சென்று கத்துகிறது, ஒரே சுருதியில் ஒலிக்கும் ட்ரோன் குழாய்கள் மூன்றில் ஒன்று விட்டு விட்டு நிற்கிறது, மூன்றாம் பாட்டுக்குள் ஆளுக்கு மூச்சு வாங்கி உதட்டோரம் காற்று கசிய ஆரம்பித்துவிடுகிறது. ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து சத்தம் எழுப்பும் நாக்கு, சரியில்லை என்பதுதான் பேண்டில் எல்லாருடைய முடிவும். புது ரீடு போட்டால் ஊதவே முடியாத கெட்டி, பிளேடால் சீவினால் இரண்டு நிகழ்ச்சிக்கு அருமையாகப் பேசும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. இப்படியே ஒரு திருவிழாக் காலம் முழுக்க ரீடு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். தபாலில் வரும் சாமான், ஒவ்வொன்றும் காசு.

பேண்டுச் சாமான் பழுது பார்ப்பவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். ரீடு மாற்றித் தரச் சொல்லித்தான் கேட்டார்கள். நான் ரீடைத் தொடாமல் முதலில் பையைப் பிரித்தேன். ஒரு மார்கழியில் ஆரம்பித்து அடுத்த மழைக்காலம் முடியும் வரை அந்தப் பைப்பையும், ஒப்பிட்டுப் பார்க்க பேண்டு மாஸ்டரின் பைப்பையும் விடாமல் கவனித்ததில் தெரிந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன். இதே புகாரோடு கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பள்ளி பேண்டுகளும் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஊரும் காற்றும்

ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போகிற வழி. சித்தூர் என்றதும் ஆந்திரத்துக்குப் போய்விட வேண்டாம், இது கேரளத்துச் சித்தூர். வீட்டில் பேச்சு தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தைக்குப் போவது பொள்ளாச்சிக்கு. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த சிலர் ஆரம்பித்த பேண்டு இது. மாஸ்டர் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர், நீலகிரி வெலிங்டனில் இருக்கும் அந்த ரெஜிமென்ட் மையத்தில் பைப் கற்றவர். மற்றவர்களில் பாதிப்பேர் அவரிடம் கற்றுக்கொண்ட உள்ளூர்ப் பையன்கள். தேவாலயத் திருநாள், கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டு விழா, சில சமயம் கல்யாண ஊர்வலம், இவைதான் வேலை. டிசம்பரிலிருந்து மே வரை ஓய்வே இருக்காது, ஜூன் பிறந்தால் பெட்டியை மூடி அலமாரி மேல் வைத்துவிடுவார்கள். இந்த ஓய்வையும் வேலையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பை தேர்ந்தெடுப்பதில் பெரிய கணக்கே இதுதான்.

இன்னொரு கணக்கு காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய், அகலம் 30 கிலோமீட்டருக்கு மேல். மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து வறண்ட காற்று இதன் வழியாகத்தான் சீறிக்கொண்டு போகும். பனைமட்டை இரவெல்லாம் அடித்துக்கொண்டிருக்கும், உதடு வெடிக்கும், கதவு நிலையில் சந்து விழும். ஜூனில் அப்படியே திரும்பி மேற்கிலிருந்து ஈரக் காற்று. ஆக, ஒரே அலமாரியில் இருக்கிற வாத்தியத்துக்கு வருஷத்தில் இரண்டு தேசம். ஸ்காட்லாந்துக்காரன் எழுதிய பராமரிப்புக் குறிப்பை வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாததற்கு இதுதான் காரணம்.

வாத்தியம் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. பேக்பைப்பில் காற்று போகிற வழி ஒன்று, வருகிற வழி நான்கு. ஊதுகுழாய் வழியாகப் பைக்குள் ஊதுகிறோம். அதன் அடியில் காற்று திரும்பி வராமல் இருக்க ஒரு வால்வு. பையிலிருந்து சாண்டருக்கும் மூன்று ட்ரோன்களுக்கும் காற்று போகிறது. சாண்டரில்தான் விரல் ஓடும், மொத்தம் ஒன்பது சுரம். ட்ரோன்கள் நம் ஒத்து மாதிரி ஒரே சுருதி: இரண்டு டெனர், ஒரு பேஸ். டெனர் சாண்டரின் கீழ் ஏ சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. ஐந்து குழாய்களும் பையில் செருகும் இடத்தில் இருக்கும் மரக் கட்டைக்கு ஸ்டாக் என்று பெயர். சாண்டர் ரீடு இரட்டை நாக்கு: இரண்டு நாணல் தகடுகள், நடுவில் செப்புக் குழாய், நூல் சுற்று. ட்ரோன் ரீடு ஒற்றை நாக்கு, முன்பு நாணலிலேயே கீறி எடுத்தது, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் உடம்பு.

போன தேர்த் திருவிழாவில் இந்தச் சாண்டர் ரீடைக் கையில் வாங்கிப் பார்த்த நாதஸ்வரக்காரர் ஒருவர், "இது நம்ம சீவாளிதானுங்களே, கெண்டைல ஏத்தின சீவாளி" என்றார். சீவாளி என்பது நாதஸ்வரத்தின் நாணல் நாக்கு, கெண்டை அதைப் பொருத்தும் உலோகக் குழாய். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி: "இதை வாயில வெச்சு நனைக்க முடியாதுங்களா?" முடியாது. நாதஸ்வரத்தில் சீவாளி வாய்க்குள்ளேயே இருக்கிறது. காய்ந்தால் எச்சில் படும், ஊறினால் கழற்றி நூலில் தொங்கும் அடுத்ததை மாட்டிக்கொள்ளலாம், அழுத்தம் கூடக்குறைய இருந்தால் உதடே சரிசெய்யும். பேக்பைப்பில் ரீடைத் தொட நாக்கும் இல்லை, உதடும் இல்லை. நாதஸ்வரத்தில் வாய் செய்கிற அத்தனை வேலையையும், அழுத்தத்தைப் பிடித்து வைப்பதையும் ஈரத்தை அளந்து கொடுப்பதையும், இங்கே பை செய்ய வேண்டும். பை கெட்டுப்போனால் எந்த ரீடும் கெட்ட ரீடுதான்.

பிரித்துப் பார்த்தது

முதலில் சாண்டரையும் ட்ரோன்களையும் கழற்றிவிட்டு, நான்கு ஸ்டாக்குகளையும் ரப்பர் கார்க் வைத்து அடைத்தேன். ஊதுகுழாயில் ஊதிப் பையை இறுக்கி, வாயை எடுத்துவிட்டுக் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பை கல் மாதிரி அப்படியே இருக்கும், கொஞ்ச நேரம் கழித்து அமுக்கினாலும் இளகியிருக்காது. இது பத்து எண்ணுவதற்குள் தொய்ந்துவிட்டது. அடுத்து ஊதுகுழாய் ஸ்டாக்கையும் அடைத்துப் பார்த்தேன், தொய்வது மெதுவானது, ஆனால் நிற்கவில்லை. அதாவது கசிவு ஒன்றல்ல, வால்வில் ஒன்று, பையில் வேறு.

வால்வு தோல் மடல். காய்ந்து அப்பளமாய் வளைந்திருந்தது. ஊதி முடித்து மூச்சு எடுக்கும்போதெல்லாம் காற்று வாய்க்கே திரும்பி வந்திருக்கிறது. வாசிப்பவர் அதைத் தெரியாமலேயே நாக்கால் ஊதுகுழாயை அடைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார். கேட்டதற்கு, "எல்லாரும் அப்படித்தான் வாசிப்பாங்கன்னு நெனச்சேனுங்க" என்றார்.

பைக்கு சோப்புத் தண்ணீர். ஊதி இறுக்கிய பையின் தையல் நெடுக பிரஷ்ஷால் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும். பையின் அடிப்பக்கத் தையலில் ஒரு சாண் நீளத்துக்கு முத்து முத்தாகக் குமிழி, பேஸ் ஸ்டாக்கைக் கட்டியிருந்த நூலுக்கு அடியில் இன்னொன்று. பை மாட்டுத் தோல், மலிவு ரகம், யாரோ வாசித்துவிட்டு விற்றது. உள்ளே பார்க்க சாண்டர் ஸ்டாக்கில் டார்ச் அடித்தேன். பழுப்பு நிறத்தில் பாகு மாதிரி ஏதோ உறைந்து கிடந்தது, அதில் ஒட்டிக்கொண்டு சிற்றெறும்புகள், செத்தவை கொஞ்சம், உயிரோடு கொஞ்சம். ஸ்டாக்கின் உள்சுவரில் வரிசை கட்டி ஏறி வந்து ரீடின் நூல் சுற்றில் நுழைந்துகொண்டிருந்தன. பழைய சொந்தக்காரர் தையலை அடைக்கத் தேன் ஊற்றியிருக்கிறார். தேன் ஊற்றுவது கேலிக்குரிய வேலை இல்லை, தோல் இளகி இருக்கவும் தையல் ஓட்டை அடையவும் வீட்டுச் சரக்கைக் கொண்டு பைப்பர்கள் செய்துவந்த பழைய வழிகளில் ஒன்று அது. குளிர்தேசத்தில் எறும்புத் தொல்லை குறைவு, அவ்வளவுதான்.

ட்ரோன் ரீடுகளைப் பார்த்தால், நாக்கைக் கட்டிப்பிடிக்கும் ரப்பர் வளையத்தை மூன்றிலுமே பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். வளையம் நாக்கின் நுனிப்பக்கம் நகர்ந்தால் அதிர்கிற நீளம் குறையும், ரீடு காற்றைக் குறைவாகக் குடிக்கும், சுருதி கொஞ்சம் ஏறும், ஆனால் அழுத்தம் கூடினால் சீக்கிரம் மூடிக்கொள்ளும். பின்னுக்குத் தள்ளினால் எல்லாம் தலைகீழ்: சத்தம் பலமாக வரும், சீக்கிரம் நிற்காது, காற்றை மட்டும் குடம் குடமாகக் குடிக்கும். ட்ரோன் நிற்கிறது என்று யாரோ வளையத்தைத் தள்ளித் தள்ளிப் பின்னால் கொண்டுபோயிருக்கிறார்கள்.

சாண்டர் ரீடைச் சீவிச் சீவி நுனியைக் காகிதமாக்கியிருந்தார்கள். தனியாக வாயில் வைத்து ஊதினால் நல்ல ரீடு காக்கை கரைகிற மாதிரி அடித்தொண்டையும் மேல்தொண்டையும் சேர்ந்து கரகரக்கும். இதில் மேல்பாதி மட்டும்தான் வந்தது.

இனி அழுத்தம். இதற்குக் கருவி வாங்கத் தேவையில்லை, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் போதும். டியூபை யு வடிவில் சுவரில் தொங்கவிட்டு, பாதிவரை மை கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைத் துளையிட்ட கார்க் வழியாக ஒரு டெனர் ஸ்டாக்கில் செருகினேன். பக்கத்தில் அளவு டேப். வாசிக்கும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் பைக்குள் இருக்கும் அழுத்தம். நடுத்தரக் கெட்டி ரீடுக்கு அது ஏறத்தாழ 30 அங்குலத்தைச் சுற்றி நிற்க வேண்டும், ஊதும்போதும் சரி, மூச்சு எடுத்துக்கொண்டு கையால் அமுக்கும்போதும் சரி. மாஸ்டர் வாசித்தபோது தண்ணீர் ஓர் அங்குலம் இப்படி அப்படி ஆடியது, அவ்வளவுதான். இளையவர் வாசித்தபோது மேலே 34, கீழே 20 என்று ஊஞ்சலாடியது. அவரும் அதை நின்று பார்த்தார். இத்தனை நாள் யார் யாரோ "ஸ்டெடியா ஊது" என்று கத்தியதில் புரியாதது, அந்த நீலத் தண்ணீரைப் பார்த்த ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கதை வரிசையாக வருகிறது. பை கசிகிறது, அதனால் அழுத்தம் இறங்குகிறது, இறங்கினால் சாண்டர் தொண்டை கட்டி நிற்கிறது. நிற்காமல் இருக்க அவர் வேகமாக ஊதுகிறார், அழுத்தம் எகிறுகிறது, ட்ரோன் மூடிக்கொள்கிறது. ட்ரோன் நிற்காமலிருக்க வளையத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள், காற்றுச் செலவு இன்னும் கூடுகிறது. ஊத முடியவில்லை என்று ரீடைச் சீவுகிறார்கள். சீவிய ரீடு எகிறும் அழுத்தத்தைத் தாங்காமல் கீச்சிடுகிறது. கடைசியில் ரீடு சரியில்லை, புதுசு போடு. புது ரீடு வந்து சேர்வது அதே ஓட்டைப் பைக்கு.

எந்தப் பை

பழைய பையைத் தைத்துக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தோம். தையல் ஓரத்தில் தோல் ஊசி தாங்காமல் கிழிந்தது. ஆகவே புதுப் பை. இங்கேதான் மாஸ்டருக்கும் எனக்கும் கொஞ்ச நாள் வாக்குவாதம்.

"தம்பி, தோல் பையில வர்ற சத்தத்துக்கே ஒரு கனம் இருக்கு. பிளாஸ்டிக் பையி எதுக்கு, அரிசி கட்டவா?" என்றார் அவர்.

"ஏனுங்க மாஸ்டர், நீங்க தினமும் காலைல எடுத்து வாசிக்கிறீங்க. பையன் ஞாயித்துக்கிழமையும் திருவிழாவுக்கும்தானுங்க எடுக்கிறான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தோல் பை ஈரத்தைக் குடிக்கும். மூச்சில் வரும் நீராவியைத் தோலே இழுத்துக்கொள்வதால் ரீடுக்குப் போவது குறைகிறது, நீளமாக வாசிப்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. ஆட்டுத் தோல் இதில் மாட்டுத் தோலைவிடக் கெட்டிக்காரன், ஆயுள்தான் குறைவு. மாட்டுத் தோல் பார்த்துக்கொண்டால் பல வருஷம் வரும். நம் பக்கத்துக்குத் தோல் பை புதுசும் இல்லை, ஆட்டுத் தோலை உரித்த உருவத்திலேயே கட்டி ஒத்து ஊதும் துருத்தி தெலுங்கு நாட்டிலும் இங்கும் இருந்ததுதான், உத்தராகண்டின் கட்வாலில் கல்யாணத்துக்கு இன்றும் மஷக் என்ற தோல்பை வாத்தியம் ஊதுகிறார்கள்.

ஆனால் தோல் பைக்கு ஒரு நிபந்தனை உண்டு: அதை வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். தை மாதக் காற்றில் சும்மா கிடந்தால் தோல் விறைத்துத் தையல் துளைகள் வாய் திறக்கும். மழையில் சும்மா கிடந்தால் குடித்த ஈரம் காயாமல் பூஞ்சை பிடிக்கும். இரண்டுக்கும் சீசனிங், அதாவது தோலை இளக்கித் தையலை அடைக்கும் சரக்கு, போட வேண்டும், அதுவும் முறையாக. ஆறு மாதம் ஓட்டம், ஆறு மாதம் அலமாரி என்று இருக்கிற பேண்டில் ஞாயிற்றுக்கிழமைக்காரருக்கு இது ஆகாது.

செயற்கைப் பைக்குச் சீசனிங் வேண்டாம், போடவும் கூடாது, போட்டால் உள்ளே பிசுபிசுத்துப் போய்ப் பை பாழ். ஜிப் வைத்தது வாங்கினால் திறந்து உள்ளே துடைக்கலாம், ரீடு விழுந்தால் எடுக்கலாம். குறை என்னவென்றால் அது ஈரத்தைக் குடிக்காது. கோர்டெக்ஸ் துணிப் பைகள் நீராவியை வெளியே விடும் என்பது உண்மைதான், ஆனால் வெளிக்காற்று வறண்டிருந்தால்தான் அது நடக்கும். ஆனி, ஆடியில் வெளியேயும் ஈரம், உள்ளேயும் ஈரம், நீராவி எங்கே போகும்? அதனால் ஊதுகுழாய் ஸ்டாக்கில் தண்ணீர் பிடிக்கும் குப்பி ஒன்று கட்டாயம். வெளியே தோல், உள்ளே செயற்கைத் துணி வைத்த கலப்புப் பையும் கிடைக்கிறது, பிடிப்பு நன்றாக இருக்கும், விலையும் நன்றாக இருக்கும்.

கடைசியில் இளையவருக்கு ஜிப் வைத்த செயற்கைப் பை, குப்பியோடு. மாஸ்டருக்கு அவருடைய மாட்டுத் தோல் பையே. இரண்டையும் ஒரு வருஷம் பார்த்துவிடுவோம் என்று ஒப்புக்கொண்டோம்.

அளவு பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பழைய பை பெரிய அளவு, இளையவர் ஒல்லி. பெரிய பையில் காற்று நிறைய நிற்கும் என்று வாங்குகிறார்கள். நிற்கும்தான், ஆனால் ஊதி நிரப்பியதும் முழங்கை மேலே ஏறிவிடுகிறது, கை தூக்கிக்கொண்டு அமுக்கினால் அமுக்கம் சீராக வராது, சாண்டரின் கீழ்த்துளைகளுக்கு விரல் எட்டாமல் மணிக்கட்டு வளையும். நடுத்தர அளவு போட்டதுமே தண்ணீர் டியூபில் ஊஞ்சல் பாதியாகக் குறைந்தது, அதுவும் வால்வை மாற்றுவதற்கு முன்பே.

மாஸ்டர் பைக்குச் சீசனிங் போட்டதையும் சொல்லிவிடுகிறேன். ரீடுகளை எல்லாம் முதலில் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று, ரீடில் சீசனிங் பட்டால் அதோடு சரி. கிளிசரின் சேர்ந்த கடைச் சரக்கு, பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கி, மற்ற ஸ்டாக்குகளை அடைத்துவிட்டு ஒரு ஸ்டாக் வழியாக ஊற்றினோம். அப்புறம் அதையும் அடைத்து, பையைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வேண்டும், முக்கியமாகத் தையல் நெடுக. மாஸ்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பிசைந்தோம். பையில் கொஞ்சம் காற்று வைத்துச் சில மணி நேரம் விட்டு, ஸ்டாக் கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிட்டால் மிச்சம் வடிந்துவிடும். வடியவிடாமல் அவசரப்பட்டு ட்ரோனை மாட்டினால் அடுத்த நாள் ட்ரோன் ரீடின் நாக்கு ஒட்டிக்கொண்டு பேசாது.

ரீடு தேர்ந்தெடுத்தது

பையும் வால்வும் சரியான பிறகுதான் ரீடுப் பெட்டியைத் திறந்தேன். சாண்டர் ரீடை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டு தகடும் ஒரே கனமாகத் தெரிய வேண்டும், பக்கவாட்டில் தகடுகள் சேரும் இடத்தில் வெளிச்சம் ஒழுகக் கூடாது, வாய் நடுவில் சமமாகத் திறந்திருக்க வேண்டும். அப்புறம் ஊதிப் பார்ப்பது, மேலே சொன்ன கரகரப்பு வர வேண்டும். புது ரீடு முதலில் கெட்டியாகத்தான் இருக்கும், வாசிக்க வாசிக்கத் தானாக இளகும். அதனால் இன்றைக்குச் சுலபமாக ஊத வருகிற ரீடை வாங்கினால் அடுத்த மாதம் அது தொளதொளத்துவிடும். சற்றே கெட்டியாக வாங்கி, தினமும் கொஞ்ச நேரம் வாசித்து, ஈரமாக இருக்கும்போது தகடுகளை விரலால் இதமாக அமுக்கி வழிக்குக் கொண்டுவருவதுதான் முறை. பிளேடைக் கடைசியில் எடுங்கள். சீவியதை ஒட்ட வைக்க முடியாது.

சாண்டரில் ரீடு எவ்வளவு ஆழம் உட்கார்கிறது என்பது சுருதி. ஆழமாக இறக்கினால் சுருதி ஏறும், மேல்கைச் சுரங்கள் கீழ்க்கையைவிட அதிகமாக ஏறும். மேல் ஏ இறங்கிப் பேசினால் நூலை ஒரு சுற்று குறைத்து ரீடைக் கொஞ்சம் இறக்க வேண்டும், ஒரு சுரம் மட்டும் ஏறி நின்றால் அந்தத் துளையின் மேல்விளிம்பில் கறுப்பு இன்சுலேஷன் டேப். ட்ரோன் வளையங்களை முன்னுக்குக் கொண்டுவந்து, இளையவர் வாசிக்கும் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக மூடிக்கொள்ளும்படி வைத்தேன். ஒவ்வொரு ட்ரோனாகத் தனியே ஊதிப் பார்த்துத்தான் இதைச் செய்ய முடியும். பொறுமை வேண்டும்.

இவ்வளவும் முடிந்ததும் பழைய புகார் மூன்றும் போய்விட்டன, புது ரீடு ஒன்றே ஒன்றுதான் செலவு. ஆனால் அது டிசம்பர்.

தை மாதம்

கிழக்குக் காற்று பலமானதும் புதுத் தொல்லை. ராத்திரி பெட்டியில் வைத்த ரீடு காலையில் தகடு மூடி, குரல் மெலிந்து, சுருதி ஏறிக் கிடந்தது. ட்ரோன்களின் மேல்பாகம் நடக்கும்போது தானாக இறங்கியது, மரமும் நூலும் சுருங்கிவிட்டன. வெறும் நூலை ஒரு சுற்று, மெழுகு நூலை ஒரு சுற்று கூட்டியதில் ட்ரோன் நின்றது. ரீடைச் சாண்டரிலேயே விட்டு, மேலே மூடி போட்டுக் காற்றுப் புகாமல் வைத்ததில் பாதி சரியாயிற்று. வாசிக்குமுன் வாய்ச்சூட்டில் ரீடுக்குள் மெல்ல ஊதிச் சூடேற்றுவது மீதி. தண்ணீர் டம்ளரில் முக்கி வைக்கிறவர்களைப் பார்க்கிறேன், செய்யாதீர்கள். தகடு ஊதி, காயும்போது வெடிக்கும்.

அதே மாதத்தில்தான் வெயில் கணக்கும். விடிகாலையில் ஸ்வெட்டர் போட்டுச் சுருதி சேர்த்துவிட்டு, ஊர்வலம் உச்சிவெயிலில் போகும். காற்றின் சூடு ஒரு டிகிரி ஏறினால் சுருதி ஒரு அரைச்சுரத்தில் நூற்றில் மூன்று பங்கு ஏறும், பத்து டிகிரிக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மூச்சின் சூடு எப்போதும் உள்ளே இருப்பதால் முழுசாக அத்தனை ஏறாது, ஆனாலும் சாண்டரும் ட்ரோனும் ஒரே அளவில் ஏறுவதில்லை. ஊர்வலம் நிற்கும் இடத்திலெல்லாம் ட்ரோனைத் தொட்டுச் சரிசெய்யத்தான் வேண்டும், இதற்கு மருந்து கிடையாது. இந்த மாதத்தில் மாஸ்டரின் தோல் பைதான் ஜெயித்தது. தினமும் வாசித்ததால் தோலில் கொஞ்சம் ஈரம் எப்போதும் இருந்தது, அவர் ரீடு ஒருநாளும் காலையில் மூடிக் கிடக்கவில்லை. "பாத்தியா தம்பி" என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு போனார்.

மழைக்காலம்

ஜூனில் எல்லாம் மாறியது. இளையவரின் பையில் அரை மணி வாசித்தால் குப்பியில் தண்ணீர் ஆடுகிறது. கொட்டாமல் தொடர்ந்தால் ட்ரோன் ரீடின் நாக்குக்கு அடியில் ஒரு சொட்டு போய் உட்காரும், அந்த ட்ரோன் ஊமை. குப்பியைக் கொட்டுவது, வாசித்து முடித்ததும் ஜிப்பைத் திறந்து பழைய வேட்டித் துணியால் துடைப்பது, ரீடுகளை வெளியே எடுத்து நிழலில் வைப்பது, பையைத் திறந்தபடி மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் போடுவது. இந்த நாலு வேலைதான், செய்தார், சமாளித்தார். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலமும் போட்டோம். நீல நிறத்து மணிகள் வேண்டாம். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, மூச்சு இழுக்கிற சாமானுக்குப் பக்கத்தில் வைக்கிற சரக்கு இல்லை. நிறமில்லாதது போதும், ஈரம் குடித்ததும் அடுப்பில் வறட்டிப் பழையபடி பயன்படுத்தலாம்.

மாஸ்டர் பைதான் இந்த மாதங்களில் கவலை கொடுத்தது. நிகழ்ச்சி இல்லாததால் அவரும் வாசிப்பதைக் குறைத்துவிட்டார். ஆடியில் ஒருநாள் பையைத் திறந்தால் புளித்த வாடை, சாண்டர் ஸ்டாக் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 2016இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் வெளியான ஒரு நோயாளியின் கதை பைப்பர்கள் எல்லாருமே தெரிந்திருக்க வேண்டியது. இங்கிலாந்தில் 61 வயதுக்காரர், தினமும் பைப் வாசிப்பவர், பல வருஷமாக இருமலும் மூச்சுத் திணறலும். மூன்று மாதம் ஆஸ்திரேலியா போனார், பைப்பைக் கொண்டுபோகவில்லை, மூச்சு தேறியது. திரும்பி வந்து வாசித்ததும் மறுபடி மோசம். வாத்தியத்தின் உள்ளே பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்ததில் பலவகைப் பூஞ்சைகளும் ஈஸ்ட்டும் இருந்தன. 2014இல் அவர் இறந்துவிட்டார். பூஞ்சைக்கு நுரையீரல் ஒவ்வாமை கொண்டு வீங்கும் நோய் அது. எல்லாருக்கும் வராது, ஆனால் இருமல் விடாத பைப்பர் டாக்டரிடம் போனால் தான் என்ன வாத்தியம் வாசிக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மாஸ்டரிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "புதுத் தோலே போட்டுக் கட்டிருவோம், மழைல நானும் தினம் எடுத்து வாசிக்கிறேன்" என்றார். செயற்கைப் பைக்கு மாறவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. தினமும் வாசிப்பவருக்குத் தோல் சரிதான்.

இப்போதைய நிலை

இளையவரின் பைப்பில் டிசம்பரில் போட்ட சாண்டர் ரீடு மழை முடியும் வரை ஓடியது, இப்போது மேல் ஏ கொஞ்சம் மெலிந்திருக்கிறது, வரும் திருவிழாவுக்கு முன் மாற்ற வேண்டும். மாற்று ரீடு ஏற்கெனவே வாங்கித் தினமும் கொஞ்சம் வாசித்துப் பழக்கிக்கொண்டிருக்கிறார், ராத்திரி வாங்கிக் காலையில் மாட்டுகிற வழக்கம் போயிற்று. டியூபில் அவருடைய ஊஞ்சல் மூன்று அங்குலத்துக்குள் வந்துவிட்டது. கையைவிட மூச்சு எடுக்கும் இடத்தில்தான் இன்னும் ஆட்டம். பேஸ் ட்ரோனின் ஸ்டாக்கில் மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிகிறது, தற்போதைக்கு மெழுகு நூல் சுற்றி வைத்திருக்கிறோம், தை மாதக் காற்று அதை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும்.

மற்ற நான்கு பைகளையும் கார்க் வைத்துச் சோதித்ததில் இரண்டு கசிகின்றன. ஒன்று வால்வு மட்டும், அதை அன்றே மாற்றியாயிற்று. இன்னொன்று தையல். அதன் சொந்தக்காரர், "ரீடு மாத்திப் பாத்துட்டு அப்புறம் பையப் பாக்கலாமுங்க" என்கிறார். அவரை டியூபுக்கு முன்னால் நிறுத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.